படுக்கையும் கூலியே: கோடைக்காலப் பூங்கா வேலை பற்றிய ஒரு நம்பிக்கைக்கு மறுப்பு

அமெரிக்காவில் பள்ளியிறுதி வகுப்பை மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ முடித்து, ஆகஸ்ட் பிற்பகுதியில் கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர்களுக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் அறிவுரை ஒன்று உண்டு. இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு வாரங்களை வீட்டில் வீணாக்காமல், தீம் பார்க் எனப்படும் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றில் பருவகால வேலைக்குச் சேர வேண்டும். ஊர் தொலைவாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டியதில்லை, வேலை கிடைத்துவிட்டால் தங்குமிடம் தானாக அமைந்துவிடும் என்பதே அது. இந்த அறிவுரை பிழையானது என்பதும், இருப்பிடத்தை வேலைக்குப் புறம்பான ஒன்றாகக் கருதுவதே அப்பிழையின் வேர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மறுக்கப்படும் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வது முறை. அதை ஆதரிப்போர் கூறுவது இது: பருவகாலப் பூங்காக்களுக்குக் கோடையில் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்படுவதால், முன்னனுபவம் இல்லாத பதினெட்டு வயதினருக்கும் அங்கே வேலை கிடைக்கிறது, பெரிய பூங்காக்கள் பல சொந்த விடுதிகளை நடத்தி, சந்தை வாடகையைவிடக் குறைந்த தொகையை வாரச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு படுக்கை தருகின்றன, மீந்த பணம் கல்லூரிச் செலவுக்கு உதவுகிறது, வீட்டை விட்டு வெளியே வாழ்ந்து பழகுவதால் மாணவர் தன்னம்பிக்கை பெறுகிறார், ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையும் அவரிடமே இருக்கிறது. இவற்றில் எதுவும் அப்பட்டமான பொய்யன்று. பல மாணவர்கள் அத்தகைய கோடைகளை மகிழ்ச்சியோடு கழித்து, நல்ல நண்பர்களோடு திரும்பியிருப்பதும் உண்மை. எனினும், சிலருக்கு நன்றாக முடிந்த ஓர் ஏற்பாடு எல்லாருக்கும் உரிய அறிவுரையாக மாறும்போது, அதன் ஒவ்வொரு கூறும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும்.

1. வேலை கிடைத்தால் இருப்பிடமும் கிடைக்கும் என்பது யாரைப் பொறுத்தவரை உண்மை?

இந்த அறிவுரை முதன்மையாக யாரை நோக்கிச் சொல்லப்படுகிறதோ, அந்தப் பள்ளி முடித்த மாணவரைப் பொறுத்தவரையே அது மிகக் குறைவாக உண்மையாகிறது. பூங்காக்கள் பதினாறு வயதினரையும் வேலைக்கு எடுக்கின்றன. ஆனால் அவற்றின் விடுதிகள் பொதுவாகப் பதினெட்டு நிறைந்தவர்களுக்கே திறக்கின்றன. பதினேழு வயதில் பள்ளியை முடித்து ஜூலையிலோ ஆகஸ்டிலோ பதினெட்டை எட்டும் மாணவர், வேலைக்குத் தகுதியுடையவராகவும் படுக்கைக்குத் தகுதியற்றவராகவும் ஒரே நேரத்தில் நிற்கிறார். தங்குமிடத்தோடு கூடிய பூங்கா வேலை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் நடத்தும் கல்லூரித் திட்டமாகும். 2021-இல் திறக்கப்பட்ட ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் வில்லேஜ் என்னும் குடியிருப்பு அத்திட்டத்தினருக்காக ஏறத்தாழ 10,000 படுக்கைகளுடன் அமைக்கப்பட்டது. ஆனால் அத்திட்டத்தில் சேரும் மாணவர் கல்லூரியில் குறைந்தது ஒரு பருவத்தையேனும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. கல்லூரிக்கு முந்தைய கோடையில் இருப்பவருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ஏற்பாட்டின் கதவு, அவருக்கு மட்டும் அடைத்தே இருக்கிறது.

விடுதி கிடைக்காதவருக்கு வெளிச் சந்தை இருக்கிறதே என்று சொல்வது, அந்தச் சந்தை இயங்கும் முறையை அறியாமல் சொல்வதாகும். அமெரிக்க வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களுக்கானது. மாணவருக்குத் தேவைப்படுவதோ மூன்று மாதங்கள். வீட்டு உரிமையாளர் கேட்பவை முன்பணம், கடன் திருப்பிய வரலாறு, வாடகையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு மாத வருமானம் ஆகியன; பள்ளியை விட்டு நேற்று வெளிவந்தவரிடம் இவற்றில் ஒன்றும் இராது. பெரும்பாலான மாநிலங்களில் பதினெட்டு நிறையாதவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவரே பின்னர் கைவிட்டுவிடலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், பெற்றோரின் பிணைக் கையெழுத்து இல்லாமல் எந்த உரிமையாளரும் சாவியைத் தர மாட்டார். போதாக்குறைக்கு, பூங்கா இருக்கும் ஊர் பெரும்பாலும் சுற்றுலா ஊராக இருப்பதால், வேலை தொடங்கும் அதே வாரங்களில்தான் அங்கே அறை வாடகையும் ஏறுகிறது. ஒஹாயோ மாநிலத்தின் சாண்டஸ்கி நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 25,000 பேர் வாழும் அந்நகரை ஒட்டி, ஈரி ஏரிக்குள் நீண்டு செல்லும் நிலமுனையில் அமைந்த சீடர் பாயிண்ட் பூங்காவுக்குக் கோடைதோறும் வந்து சேரும் தொழிலாளரையும், ஏரிக்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளையும் ஒருங்கே தாங்கும் அளவுக்குக் குறுகிய கால வாடகை வீடுகளை அவ்வளவு சிறிய நகரிடம் எதிர்பார்க்க முடியாது.

2. மலிவான படுக்கை சலுகையா, கூலியின் ஒரு பகுதியா?

இந்தக் கேள்விக்குச் சட்டமே விடை தந்திருக்கிறது. கூட்டரசின் 1938-ஆம் ஆண்டு நியாயமான உழைப்புத் தரச் சட்டம், முதலாளி தரும் உணவையும் உறைவிடத்தையும் அவற்றின் நியாயமான அடக்கவிலைக்குள் கூலியாகவே கணக்கிட அனுமதிக்கிறது. அந்த அடக்கவிலையில் முதலாளியின் இலாபம் சேரக்கூடாது என்பதும் விதி. ஆகவே படுக்கை என்பது நிறுவனத்தின் தயவன்று, உழைப்புக்கான விலையின் ஒரு கூறு. ஆனால் அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத கேளிக்கை நிறுவனங்களுக்கும், ஆண்டின் ஆறு மாதங்களின் சராசரி வரவு ஏனைய ஆறு மாதங்களின் சராசரியில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாத நிறுவனங்களுக்கும், குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம் ஆகிய இரண்டிலிருந்தும் விலக்கு அளிக்கிறது. மிகைநேர ஊதியம் என்பது வாரத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்னும் விதியாகும். மாநிலச் சட்டங்கள் சில இடங்களில் இதைவிடக் கூடுதல் பாதுகாப்பைத் தருகின்றன. எனினும் மே மாதத்தில் திறந்து அக்டோபர் இறுதியை ஒட்டி மூடும் பூங்காவைக் கூட்டரசுச் சட்டம் இவ்வகையில் கட்டுப்படுத்துவதில்லை.

இவ்விலக்கின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். மணிக்கு 13 டாலர் கூலியும் வாரத்துக்கு 120 டாலர் விடுதி வாடகையும் என்று வைத்துக்கொண்டால், கூட்டம் மிகுந்த ஜூலை வாரம் ஒன்றில் அறுபது மணி நேரம் உழைக்கும் மாணவர், கூடுதலான இருபது மணிக்கு 260 டாலர் பெறுகிறார்; விலக்கு இல்லாதிருந்தால் அவர் பெற்றிருக்க வேண்டியது 390 டாலர். அந்த ஒரு வாரத்தில் அவர் இழந்த 130 டாலர், அவர் கொடுத்த வாடகையைவிட அதிகம். மலிவான வாடகை என்று போற்றப்படும் சலுகையை மாணவர் தம் சொந்த மிகைநேர உழைப்பாலேயே வாங்கிவிடுகிறார். நன்றியோ நிறுவனத்துக்குப் போய்ச் சேருகிறது.

3. கல்லூரிச் செலவைப் பூங்கா வேலை தாங்கும் என்று நம்புவோர் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறார்கள், கழித்தலைப் பார்ப்பதில்லை.

மேற்சொன்ன கூலியில், வாரம் நாற்பது மணி வீதம் பன்னிரண்டு வாரங்கள் உழைத்தால் மொத்தம் 6,240 டாலர் வரும். இவ்வளவு குறைந்த ஆண்டு வருமானத்துக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை. ஆனால் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் 7.65 விழுக்காடு உண்டு, அது ஏறத்தாழ 477 டாலர். வாடகை 1,440 டாலர். நாளொன்றுக்கு 15 டாலர் வீதம் உணவு 1,260 டாலர். போக்குவரத்து, காலணி, துணி துவைத்தல் போன்றவற்றுக்கு 400 டாலர் என்று கொண்டால், கையில் மிஞ்சுவது 2,663 டாலர். மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் அரசுக் கல்லூரி ஒன்றின் சராசரி ஆண்டுக் கட்டணம் 2024–25-இல் 11,610 டாலராக இருந்தது; மிஞ்சிய தொகை அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை, விடுதியும் உணவும் வேறு. அத்தொகையை மாணவர் தம் பெயரில் வங்கியில் வைத்திருந்தால், கல்வி உதவிக்கான கூட்டரசு விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் அச்சேமிப்பில் 20 விழுக்காடு கல்லூரிச் செலவுக்குக் கிடைக்கும் பணமாகக் கணக்கிடப்படும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதையே உள்ளூரில் தங்கி உழைப்பவரோடு ஒப்பிட்டால் கணக்கு இன்னும் தெளிவாகும். வீட்டிலிருந்தபடி, மணிக்கு 11 டாலர் தரும் கடையொன்றில் அதே பன்னிரண்டு வாரங்கள் உழைப்பவருக்கு, அதே வரிப் பிடித்தம் போக ஏறத்தாழ 4,876 டாலர் கிடைக்கிறது. மணிக்கு இரண்டு டாலர் குறைவான கூலி, கோடை முடிவில் இரண்டாயிரம் டாலருக்கு மேல் கூடுதலாக நிற்கிறது. வீட்டில் உண்ணும் உணவுக்கும் விலை உண்டு என்ற எதிர்வாதம் சரியே. ஆனால் அவ்விலையை முழுதாகக் கழித்தாலும் உள்ளூர் வேலையே முந்துகிறது. கூலி விகிதத்தை மட்டும் காட்டி வேலையைப் பரிந்துரைப்பவர், இருப்பிடத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் அதைச் செய்ய முடிகிறது.

4. பூங்காவின் நாட்காட்டியும் கல்லூரியின் நாட்காட்டியும் ஒன்றாக இருக்கின்றன என்ற அனுமானம் ஆதாரமற்றது.

பருவகாலப் பூங்காவுக்கு ஆள் மிகத் தேவைப்படும் காலம், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறை வரை நீள்கிறது. பல பூங்காக்களில் அதன் பின்னும் ஹாலோவீன் திருவிழா அக்டோபர் முழுதும் நடக்கிறது. கல்லூரிகளோ ஆகஸ்ட் நடுவிலிருந்து திறக்கத் தொடங்கிவிடுகின்றன. பருவம் முடியும்வரை இருப்பவருக்கே ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் கூறும் இடங்களில், கல்லூரி திறப்பதால் இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாக வெளியேறும் மாணவர், வேலையைத் திறம்படச் செய்தும் அத்தொகையை இழக்கிறார். ஆள் சேர்க்கும்போது வாய்மொழியாகச் சொல்லப்படும் கூலியில் இந்த ஊக்கத்தொகையும் கலந்திருக்கும் என்பதை முதன்முறை வேலைக்குப் போகும் இளைஞர் எப்படி அறிவார்?

நாட்காட்டி முரண்பாடு இயற்கையானது, அதைத் தீர்க்க முடியாது என்று சொல்வதற்கும் வழியில்லை. வர்ஜீனியா மாநிலம் 1986-இல், பள்ளிகள் தொழிலாளர் தினத்துக்கு முன் திறக்கக்கூடாது என்று சட்டமே இயற்றியது. ரிச்மண்ட் நகருக்கு வடக்கே உள்ள கிங்ஸ் டொமினியன் பூங்காவின் பெயராலேயே மக்கள் அதை அழைத்தார்கள். பூங்காவுக்கு வாடிக்கையாளரும் பள்ளி வயது ஊழியரும் ஆகஸ்ட் இறுதிவரை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஒரு மாநிலத்தின் பள்ளி ஆண்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டது. 2019-இல்தான் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. பூங்காக்களின் வசதிக்காக மாணவரின் காலத்தைச் சட்டத்தால் வளைக்க முடிந்த சமூகம், மாணவரின் வசதிக்காக விடுதி ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை மாற்ற முடியாது என்று சொல்வது எவ்வகை நியாயம்?

5. நிறுவன விடுதி சுதந்திரத்தைக் கற்றுத்தருகிறது என்பது, சுதந்திரத்தையும் இடமாற்றத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாகும்.

பெற்றோரின் வீட்டிலிருந்து முதலாளியின் வீட்டுக்குப் போவது இடமாற்றம் மட்டுமே. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1961-இல் வெளியிட்ட நூலில், உறக்கம், உழைப்பு, ஓய்வு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் அமைப்புகளை முழுநிலை நிறுவனங்கள் என்று வகைப்படுத்தினார். பூங்கா விடுதியைச் சிறைக்கோ படை முகாமுக்கோ இணையாக வைப்பது மிகை. மாணவர் விரும்பிச் சேர்கிறார், விரும்பினால் போகிறார். ஆயினும் விருந்தினர் வரலாமா, அறையை யார் சோதிக்கலாம், எத்தனை மணிக்கு அமைதி காக்க வேண்டும், அறைத்தோழர் யார் என்பவற்றை முடிவுசெய்யும் அதே நிறுவனம்தான் மறுநாளின் ஷிஃப்டையும் முடிவுசெய்கிறது என்பது மறுக்க முடியாதது. வாடகைதாரராக வாழ்பவருக்கு அறிவிப்புக் காலமும் நீதிமன்ற நடைமுறையும் கவசமாக இருக்கின்றன. வேலையோடு பிணைந்த படுக்கையில் வாழ்பவரிடம், வேலை முடிந்தவுடன் அறையைக் காலி செய்வதாக அவரே கையெழுத்திட்டுத் தந்த தாள் மட்டுமே பெரும்பாலும் இருக்கிறது. மேற்பார்வையாளரின் நடத்தை பற்றியோ, சவாரியின் பாதுகாப்பு பற்றியோ புகார் செய்ய நினைக்கும் பதினெட்டு வயதினர், சம்பளத்தோடு அன்றிரவு படுக்கும் இடத்தையும் பணயம் வைக்கிறார். வெளியூரில் உறவினர் யாருமற்ற அவர் வாய்மூடி இருப்பதையே தேர்ந்தெடுத்தால், அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயரிட முடியாது.

வீடும் வேலையும் ஒரே கையில் இருப்பதன் விளைவை அமெரிக்க வரலாறு முன்பே கண்டிருக்கிறது. சிகாகோவின் தென்புறத்தில் ஜார்ஜ் புல்மன் தம் இரயில்பெட்டித் தொழிலாளருக்காக எழுப்பிய நகரம், அழகுக்கும் தூய்மைக்கும் பெயர்பெற்றிருந்தது. 1893-இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து நிறுவனம் கூலியைக் குறைத்தது, வாடகையைக் குறைக்கவில்லை. 1894-இல் வெடித்த வேலைநிறுத்தம் நாட்டின் இரயில் போக்குவரத்தையே நிலைகுலையச் செய்தது. 1898-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், தொழிலுக்குத் தேவைப்படாத குடியிருப்புகளை விற்றுவிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்நகரின் வீடுகள் நல்ல வீடுகளாக இருந்தன என்பதை யாரும் மறுக்கவில்லை. அவை யாருடைய கையில் இருந்தன என்பதே வழக்கு.

6. பிடிக்காவிட்டால் விலகலாம், ஆள் கிடைக்காததற்குக் காரணம் இளைஞரின் சோம்பல் என்னும் இரட்டை வாதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது.

விலகிப் போக வேண்டுமானால் போய்ச்சேர வேறோர் இடம் வேண்டும். 2024 ஜூலை 1 அன்று சீடர் ஃபேர், சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஆகிய இரு பெரும் நிறுவனங்கள் ஒன்றானபோது, 27 கேளிக்கைப் பூங்காக்களும் 15 நீர்ப் பூங்காக்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரு பூங்காவை விட்டு இன்னொன்றுக்குப் போகும் மாணவர், பல வேளைகளில் அதே முதலாளியிடமே போகிறார். அதோடு, விலகுபவர் வேலையையும் படுக்கையையும் ஒரே நாளில் இழப்பதால், விலகும் உரிமையின் விலை மற்றவருக்கு இருப்பதைவிட அவருக்கு மிக அதிகம்.

சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு 2021-ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் ஆள் கிடைக்காமல் சீடர் பாயிண்ட் வாரத்தில் சில நாள்கள் பூங்காவை மூடும் நிலைக்கு வந்தபோது, இளைஞரின் ஒழுக்கத்தைத் திருத்தி நிலைமை சரிசெய்யப்படவில்லை. ஒஹாயோவின் குறைந்தபட்சக் கூலி 8.80 டாலராக இருந்த அவ்வாண்டில், பூங்கா மணிக்கு 20 டாலர் தருவதாக அறிவித்தது. ஆள் பற்றாக்குறை என்று சொல்லப்பட்டது, பழைய கூலியில் ஆள் பற்றாக்குறை என்பதை அந்நடவடிக்கையே ஒப்புக்கொண்டது. வழக்கமான ஆண்டுகளில் இந்த இடைவெளியை நிரப்புவோர், ஜே-1 விசாவில் அதிகபட்சம் நான்கு மாதங்கள் வேலை செய்ய வரும் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்காக மேற்சொன்ன 7.65 விழுக்காட்டு வரிக்கு இணையான தன் பங்கை முதலாளி செலுத்த வேண்டியதில்லை என்பதும், உள்ளூர் இளைஞரின் சோம்பல் பற்றிப் பேசுவோர் குறிப்பிடாத ஒரு காரணம்.

இனி எஞ்சியிருக்கும் எதிர்வாதம் ஒன்றே: விடுதிகளை விதிகளால் கட்டுப்படுத்தினால் பூங்காக்கள் விடுதி நடத்துவதையே நிறுத்திவிடும், அப்போது மாணவருக்கு இப்போது இருப்பதும் இல்லாமல் போகும் என்பது. இது கவனத்துக்குரிய அச்சம். ஆனால் தொலைவூர் ஆட்கள் இல்லாமல் இயங்க முடியாத பூங்கா, தன் தேவைக்காகவே படுக்கைகளைக் கட்டுகிறது. அத்தேவை விதியால் மறைந்துவிடாது. மேலும் அத்தகைய விதி புதியதுமன்று. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பால்மைரா ஊரில், ஹெர்ஷி சாக்லேட்டுகளைப் பொதியும் கிடங்கு ஒன்றில் வேலை செய்த ஜே-1 மாணவர்கள், வாடகைப் பிடித்தம் போகக் கையில் மிகக் குறைவாகவே மிஞ்சியது என்று போராடியதை அடுத்து, வெளியுறவுத் துறை 2012-இல் அவ்விசாத் திட்டத்தின் விதிகளைத் திருத்தியது. மாணவரை ஒரு வேலையில் அமர்த்தும்முன், கட்டுப்படியாகும் தங்குமிடமும் நம்பகமான போக்குவரத்தும் அங்கே உண்டா என்று மாணவரை வரவழைக்கும் அனுசரணை நிறுவனம் ஆராய வேண்டும், மாதந்தோறும் மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பன அவ்விதிகளுள் அடங்கும். அவை எல்லா இடத்திலும் முறையாக நடைமுறையாகின்றன என்று கூறுவதற்கில்லை. எனினும், வேலையையும் இருப்பிடத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையை அரசு எழுத்தில் ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் பூங்காக்கள் மூடப்படவில்லை. அதே சவாரி மேடையில், அதே சீருடையில் நிற்கும் இரு மாணவரில், அயல்நாட்டிலிருந்து வந்தவரின் படுக்கையைப் பற்றிக் கேட்க ஒருவர் இருக்க, உள்நாட்டிலிருந்து வந்தவரின் படுக்கையைப் பற்றிக் கேட்க யாருமில்லை என்பதே இன்றைய நிலை.

ஆகவே, மாணவர்கள் பூங்கா வேலைக்குப் போகக்கூடாது என்பது இந்த மறுப்பின் முடிவன்று. வேலை முதலில், இருப்பிடம் பிறகு என்னும் வரிசை தவறு என்பதே முடிவு. வேலைக்கு அழைக்கும் கடிதம் நான்கு செய்திகளை எழுத்தில் தர வேண்டும்: வாடகையும் பிடித்தங்களும் போக வாரத்துக்குக் கையில் வரும் தொகை, கூட்டம் குறைந்த வாரத்திலும் உறுதியாகத் தரப்படும் வேலை நேரம், வேலை எக்காரணத்தால் முடிந்தாலும் அறையைக் காலி செய்ய அளிக்கப்படும் நாள்கள், கல்லூரி திறப்பதால் முன்னதாகச் செல்பவருக்கு ஊக்கத்தொகையின் உரிய பங்கு. இந்நான்கையும் எழுதித் தரும் பூங்காவுக்குச் செலவாவது ஒரு தாள். எழுதித் தர மறுக்கும் பூங்காவோ, இருப்பிடம் தானாக அமையும் என்ற நம்பிக்கையில் இலாபம் அடைவது யார் என்பதைத் தன் மறுப்பாலேயே காட்டிவிடுகிறது. அக்கடிதம் கைக்கு வரும்வரை மாணவருக்குக் கிடைத்திருப்பதை வேலை என்று எண்ணிப் பெட்டி கட்டும்படி எந்தப் பெற்றோரும், எந்த ஆலோசகரும் சொல்லக்கூடாது.